பழங்காசுப் பரிசோதனைக்கு யூ.எஸ்.பி. நுண்ணோக்கி: ஒரு மதிப்புரை

பழங்காசு சேகரிப்போர் பலரின் மேசையில் இப்போது பெருவிரல் பருமனுள்ள ஒரு கருவி நிற்பதைக் காணலாம். நுனியில் வளையமாக எட்டு எல்.இ.டி. விளக்குகள், நடுவில் சிறு லென்ஸ், உடலில் குவியத்தைத் திருத்தும் சக்கரம், மறுமுனையில் கணினியிலோ கைப்பேசியிலோ செருகும் யூ.எஸ்.பி. கம்பி என்று அமைந்த டிஜிட்டல் நுண்ணோக்கி அது. இணையக் கடைகளில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் விலையில் பற்பல பெயர்களில் விற்கப்படுகிறது. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே வகைக் கருவிதான் என்பதால், நான் வாங்கியதன் பெயரைக் குறிப்பிட்டுப் பயனில்லை. பூச்சியின் காலையும் துணியின் இழையையும் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்வதற்கு இது போதுமா என்பதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சேதமடைந்த ஒரு பழைய நாணயம் எவ்வாறு அந்த நிலைக்கு வந்தது என்று கண்டறிய இந்தக் கருவி எந்த அளவுக்கு உதவுகிறது என்ற ஒரே கேள்வியைக் கொண்டுதான் நான் இதை மதிப்பிடுகிறேன்.

முதலில் பெட்டியின் மேலுள்ள “1000 மடங்கு” என்ற எண்ணை மறந்துவிடுவது நல்லது. சிறிய உணரி பதிவு செய்யும் படத்தைப் பெரிய திரையில் விரித்துக் காட்டிவிட்டு, அந்த விரிவையும் உருப்பெருக்கக் கணக்கில் சேர்த்துக்கொள்வதால் வரும் எண் அது. படத்தின் புள்ளிகளைக்கூட மென்பொருளே இட்டு நிரப்பிக் கூட்டிக் காட்டும் கருவிகள் இவற்றுள் உண்டு. நடைமுறையில் ஐம்பது மடங்கு வரை தெளிவாகவும், அதற்கு மேல் ஓரளவுக்கும் தெரிகிறது. நாணயத்தைப் பொறுத்தவரை இது குறையே அன்று. தரமான பத்து மடங்கு நகைக்கடை லென்ஸில் பிடிபடாத சேதம் மிகக் குறைவு. அதற்கு மேல் வேண்டியிருப்பது இன்னும் கூடுதலான உருப்பெருக்கம் அல்ல, படம் எடுத்து இரு காசுகளை அருகருகே வைத்து ஒப்பிடும் வசதி. அந்த வசதியைத்தான் இந்த நுண்ணோக்கி உண்மையில் தருகிறது.

சேதத்தின் காரணத்தைத் தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்பது என் எண்ணம். அந்த இடத்தில் உலோகம் நகர்ந்திருக்கிறதா, அகன்றிருக்கிறதா, புதிதாகச் சேர்ந்திருக்கிறதா? உளியும் சுத்தியலும் உலோகத்தை நகர்த்தும். அது பக்கவாட்டில் மேடாக ஒதுங்கி நிற்கும். அரமும் அமிலமும் துருவும் உலோகத்தை அகற்றும். அங்கு மேடு இராது. பற்றவைப்பும் முலாமும் உலோகத்தைச் சேர்க்கும். அங்கு நிறமும் பரப்பின் தன்மையும் மாறும். இந்த மூன்றையும் பிரித்தறிய வேண்டுமானால் பரப்பின் மேடுபள்ளம் தெரிந்தாக வேண்டும். கருவியின் முதன்மையான குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது.

எட்டு விளக்குகளும் லென்ஸைச் சுற்றி வளையமாக இருப்பதால் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக விழுகிறது. நிழல் விழாத இடத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலவே தோன்றும். போதாக்குறைக்கு, தேய்ந்த வெள்ளியின் மேல் எட்டு விளக்குகளும் எட்டு வெண்புள்ளிகளாகப் பிரதிபலித்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைக்கின்றன. கம்பியிலுள்ள சிறு திருகால் ஒளியைக் குறைக்கலாமே தவிர, ஒரு பக்க விளக்குகளை மட்டும் அணைக்க வழியில்லை. முதன்முறை பயன்படுத்துகிறவர் கருவியே சரியில்லை என்று முடிவு கட்டிவிடக்கூடிய இடம் இது. ஆனால் விளக்குகளை முற்றிலுமாக அணைத்துவிட்டு, ஒரு சிறு கைவிளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி வைத்து, நாணயத்தின் பரப்பை ஒட்டினாற்போல ஒளியைச் சாய்த்து விட்டால் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது. நாணயத்தை அசைக்காமல் விளக்கை மட்டும் மெல்ல வட்டமாக நகர்த்திக்கொண்டே பார்த்தால், பள்ளம் எது, மேடு எது, வெறும் கறை எது என்பது தெளிவாகப் பிரிந்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று. பழைய ரூபாய்களும் தங்க சவரன்களும் நகையாக மாறியது நம் ஊர்களில் சாதாரணமான செய்தி. அரசர் தலைக்கு மேலே விளிம்பில் கொக்கியைப் பற்றவைத்து, மாலையாகக் கோத்து அணிந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் விற்கும்போது கொக்கியை நீக்கி, அந்த இடத்தை அரத்தால் தேய்த்துச் சமன் செய்துவிட்டு, “கொஞ்சம் அடிபட்ட காசு” என்று கொடுத்துவிடுவார்கள். வளைய விளக்கின் ஒளியில் என்னிடமிருந்த ரூபாயின் மேல்விளிம்பு வெறும் தேய்மானமாகவே தெரிந்தது. சாய்ந்த ஒளியிலோ விளிம்பின் வரிப்பற்கள் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு முற்றிலும் மறைந்திருப்பதும், அவ்விடத்தில் அரத்தின் இணைகோடுகள் ஓடுவதும், அவற்றை ஒட்டிச் சற்று மஞ்சள் சாயலான உலோகம் மெல்லிய படலமாக வழிந்து உறைந்திருப்பதும் தெரிந்தன. அரம் உலோகத்தை அகற்றியிருக்கிறது. அதற்கு முன்பே பற்றவைப்பு உலோகத்தைச் சேர்த்திருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் அது கீழே விழுந்து அடிபட்ட காசு அன்று, நகையிலிருந்து கழற்றிய காசு. பற்றவைக்கும் வெப்பத்தில் அந்தப் பகுதியின் நிறம் மற்ற இடங்களிலிருந்து சற்று வேறுபட்டுப் போவதும் உண்டு. ஆனால் நிறத்தைப் பற்றி இந்தக் கருவி சொல்வதை நம்பக் கூடாது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

துளையிட்ட காசுகளில் கருவி நன்றாகவே உழைக்கிறது. ஆணியால் அடித்துத் துளைத்திருந்தால் ஒரு முகத்தில் உலோகம் உள்நோக்கிச் சரிந்தும், மறு முகத்தில் கிழிந்து வெளியே பிதுங்கியும் இருக்கும். துளைப்பான் கொண்டு துளைத்திருந்தால் துளையின் உட்சுவரில் வட்டவட்டமான வரிகள் தெரியும். பிசிறு மிகக் குறைவு. நூலில் கோத்து நெடுங்காலம் அணிந்த காசின் துளை, நூல் இழுத்த திசையில் மட்டும் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். துளையை அடைத்து மறைத்த காசுகளில் அடைப்பைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு வட்டக்கோடு சாய்ந்த ஒளியில் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வட்டத்துக்குள் எழுத்தோ இலைக்கொடியோ ஓடினால், அது அச்சில் விழுந்தது போல இல்லாமல் கையால் செதுக்கப்பட்டது போல இருக்கும்.

உளிவெட்டு இதைவிடச் சுவையான விஷயம். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளின் புதையலில், மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே வேண்டுமென்றே உளியால் வெட்டியிருக்கிறார்கள். அவற்றைச் செலாவணியிலிருந்து நீக்குவதற்காக வெட்டினார்கள் என்ற விளக்கம் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. முகலாயர் காலத்து ரூபாய்களில் சராப்புகள் (காசு மாற்றும் வணிகர்கள்) குத்திய சிறு முத்திரைகளோ வேறு நோக்கம் கொண்டவை: காசு உள்ளே செம்பா, வெள்ளியா என்று சோதித்ததற்கும், சோதித்துத் தேறிவிட்டது என்று காட்டுவதற்கும் அவை அடையாளம். ஆங்கிலேயர் ஆட்சியிலும் எடை மிகக் குறைந்துபோன வெள்ளி நாணயங்களையும் பொய் நாணயங்களையும் வெட்டிவிட 1906-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அதிகாரம் அளித்திருந்தது. ஆகவே வெட்டுப்பட்ட காசைக் கண்டதும் “யாரோ கெடுத்துவிட்டார்கள்” என்று ஒதுக்கிவிடக் கூடாது. கெடுத்தவர் அரசு அலுவலராகவே இருந்திருக்கலாம். நுண்ணோக்கியில் இங்கே பார்க்க வேண்டியது வெட்டின் வயது. வெட்டின் இருகரையிலும் ஒதுங்கி எழுந்த உலோகம் கூராகவும் பளபளப்பாகவும் இருந்தால் வெட்டு அண்மையது. அந்தக் கரைகள் காசின் மற்ற மேடுகளைப் போலவே மழுங்கி, பள்ளத்தின் அடியிலும் சுற்றுப்பரப்பிலுள்ள அதே களிம்போ கருமையோ படிந்திருந்தால், வெட்டுப்பட்ட பிறகும் அந்தக் காசு கைமாறியிருக்கிறது அல்லது மண்ணில் கிடந்திருக்கிறது என்று கொள்ளலாம். இந்த வேறுபாட்டைக் கைவிளக்கின் துணையோடு கருவி ஐயமின்றிக் காட்டுகிறது. உரைகல்லில் உரசிய பொற்காசின் விளிம்பில் காணும் தட்டையான சிறு தேய்ப்பும் இப்படியே பிடிபடுகிறது.

தேய்த்துக் கழுவிய காசுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் வெள்ளிக்குத் திருநீறும் செம்புக்குப் புளியும் தப்புவதில்லை. கைமாறித் தேய்ந்த காசில் மேடுகள் மட்டுமே தேயும். பொடி போட்டுத் தேய்த்த காசில் மேட்டையும் பள்ளத்தையும் ஒருசேரக் கடந்து மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். இதை நுண்ணோக்கி இல்லாமலேயே, காசைச் சாய்த்துப் பிடித்து வெறும் லென்ஸில் பார்த்துவிடலாம்.

ஆண்டெண் திருத்தத்தைக் கண்டறிவதில்தான் இந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் திரும்ப வந்துவிட்டதாகச் சொல்வேன். ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிதானது. 1938-ஆம் ஆண்டுக் காசோ எளிதில் கிடைப்பது. இரண்டுக்கும் எடை ஒன்று, 11.66 கிராம், வெள்ளியின் அளவும் ஒன்று, நூற்றுக்கு 91.7. எனவே 8-ஐ 9 ஆக்க நினைப்பவர் செய்ய வேண்டியது கீழ்வட்டத்தின் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுப்பது மட்டும்தான், தராசால் அவரைப் பிடிக்க முடியாது. நண்பர் ஒருவர் ஐயத்தோடு கொடுத்த காசை ஐம்பது மடங்கில் பார்த்தபோது, 1, 9, 3 ஆகிய எண்களின் சுவர்கள் பரப்பிலிருந்து சீராக எழுந்திருந்தன. கடைசி எண்ணின் இடப்பக்கத்தில் மட்டும் பரப்பு சற்றே தாழ்ந்து, பல திசைகளில் கீறல்கள் கொண்டு, அதற்கு மேல் எதையோ தேய்த்து மெருகிட்டது போலப் பளபளத்தது. அச்சு விழும்போது உலோகம் ஒழுகிப் பரவிய நுண்வரிகள் மற்ற எல்லா எண்களைச் சுற்றியும் இருக்க, அங்கே மட்டும் அறுந்திருந்தன. உலோகம் அகன்றிருக்கிறது; அதுவும் ஆண்டெண்ணின் ஒரு பகுதி இருக்கக்கூடிய இடத்தில். ஐயத்துக்கு இடமில்லாத 1939-ஆம் ஆண்டுக் காசு ஒன்றின் படத்தை அருகில் வைத்து 9-இன் வளைவையும் வால் முடியும் விதத்தையும் ஒப்பிட்டபோது மிச்சமிருந்த ஐயமும் தீர்ந்தது. இப்படி இரு படங்களைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது கையில் பிடித்த லென்ஸால் ஆகாத காரியம்.

புதிய நாணயங்களில் “பிழை நாணயம்” என்ற பெயரில் நடக்கும் வணிகத்துக்கும் இது நல்ல மருந்து. முன்னால் அடிக்கப்பட்ட காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டின் மேல் தன் உருவத்தை இடவலம் மாறியும் குழிவாகவும் பதித்துவிடுவது அக்கசாலையில் (நாணயம் அச்சிடும் சாலையில்) உண்மையாகவே நேரும் பிழை. இரண்டு காசுகளைப் பட்டறை வைஸில் வைத்து இறுக்கினாலும் குழிந்த எழுத்துகள் கிடைக்கும். ஆனால் உண்மைப் பிழையில் அந்தக் குழிந்த உருவத்துக்கு அடியில் வேறு எந்த உருவமும் இராது, மறு முகமும் முழு அழுத்தத்தில் ஒழுங்காக அச்சாகியிருக்கும். வைஸில் இறுக்கிய காசிலோ முதலில் இருந்த உருவத்தின் மேலேயே குழிவு விழுந்து, அதன் மேடுகள் நசுங்கியிருக்கும், மறு முகமும் தட்டையாகியிருக்கும். பெரும் விலை கேட்கும் விற்பனையாளரிடம் இரண்டு முகங்களின் அணுக்கப் படங்களையும் அனுப்பச் சொன்னாலே போதும். பலர் அத்தோடு மறுமொழி தருவதை நிறுத்திக்கொள்கிறார்கள்.

மண்ணிலும் நீரிலும் கிடந்த காசுகளில் முடிவு கலவையானது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து சேரர் காசுகளும் உரோமானியக் காசுகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் பெயரில் வார்ப்புப் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. வார்ப்பில் காற்றுக்குமிழி உண்டாக்கும் குழிகள் உருண்டையாகவும் வழவழப்பான அடியோடும் இருக்கும். அரிப்பு உண்டாக்கும் குழிகள் ஒழுங்கற்ற கரைகளோடு கரடுமுரடாக இருக்கும். இது கருவியில் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் களிம்பு இயற்கையானதா, பூசியதா என்ற கேள்விக்கு வரும்போது கருவி தடுமாறுகிறது. உணரி வெண்மையைத் தானாகவே திருத்திக்கொள்வதால், ஒரே காசு ஒரு படத்தில் பச்சையாகவும் அடுத்த படத்தில் சாம்பலாகவும் வருகிறது. அந்தக் கேள்வியைப் பகல் வெளிச்சத்தில் வெறும் கண்ணாலும், ஒரு துளி அசிட்டோன் தொட்ட பஞ்சாலும் தீர்த்துக்கொள்வதே சரி. பூசிய நிறம் பெரும்பாலும் பஞ்சில் வந்துவிடும். நெகிழி உறைகளில் வைத்த காசுகளின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலம் ஏற்படுவதும் அசிட்டோனுக்குக் கரையும் என்பதால், பழங்களிம்பு என்று நம்பி அதைப் பாதுகாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கருவி முற்றிலும் கைவிடும் இடங்களும் உண்டு. அமிலத்தில் இட்டு மெலியச் செய்த காலணாவை யாராவது “மெல்லிய தகட்டில் அடித்த பிழை” என்று நீட்டினால், நுண்ணோக்கி காட்டுவது மங்கலாகச் சுருங்கிய எழுத்துகளை மட்டுமே. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835-ஆம் ஆண்டுக் காலணா ஏறத்தாழ 6.47 கிராம் இருக்க வேண்டும் என்று அறிந்து நிறுத்துப் பார்ப்பதுதான் விசாரணையின் தொடக்கம். முலாம் பூசிய போலிகளிலும் அப்படியே. நூலில் கட்டிய காசைத் தராசின் மேல் வைத்த நீர்க்கிண்ணத்தில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டால், தராசு காட்டும் கூடுதல் எடை காசின் பருமனை (கன அளவை) சொல்லிவிடும். 91.7 விழுக்காடு வெள்ளியாலான 11.66 கிராம் ரூபாய்க்கு அது ஏறத்தாழ 1.13 கிராம். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்க்கு ஏறத்தாழ 1.22. செம்புநிக்கல் மேல் வெள்ளிமுலாம் என்றால் 1.3-ஐ எட்டும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு நுண்ணோக்கியைவிட விலை குறைவு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தராசையே வாங்குங்கள் என்பேன். காசைச் சுண்டி ஒலியைக் கேட்கும் பழைய வழக்கத்தையும் இழிவாக நினைக்க வேண்டாம். உள்ளே வெடிப்புள்ள காசும், குடைந்து மூடிய காசும் மந்தமாகவே ஒலிக்கும். அரிசியை இழுக்கும் செம்புக்காசு என்று சொல்லி இலட்சக்கணக்கில் பறிக்கும் மோசடிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. செம்பு காந்தமாகாது; அரிசி நகர்ந்தால் காசுக்குள் காந்தமும் அரிசியில் இரும்பும் மறைந்திருக்கின்றன.

கட்டமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடன் வரும் தாங்கி எடையற்றது. மேசையில் கை பட்டாலே படம் நடுங்குகிறது. கனமான ஒரு தட்டின் மேல் அதைத் திருகி இறுக்கிய பிறகுதான் கூர்மையான படம் கிடைத்தது. தாங்கி உயரம் குறைந்தது என்பதால் 30.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரூபாய் முழுவதும் ஒரே சட்டத்தில் வராது. முழுப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, சேதமான இடத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது. லென்ஸைச் சுற்றியுள்ள நெகிழி முனை காசின் மேல் உரசாதபடி எப்போதும் இடைவெளி விட வேண்டும். சேதத்தை ஆராயப் போய்ப் புதுச் சேதம் உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். உடன் வரும் மென்பொருளில் நீளம் அளக்கும் வசதி இருக்கிறது, ஆனால் குவியத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவுகோலைப் படம்பிடித்துத் திருத்தினாலொழிய அந்த எண்களுக்குப் பொருளில்லை. கணினியின் பொதுவான கேமரா செயலியிலேயே படம் வருவதால், அந்த மென்பொருளை நிறுவாமலேயே இருந்துவிடலாம்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு காசு வாங்குகிறவருக்கு நல்ல பத்து மடங்கு லென்ஸும் தராசும் போதும். காசுகளைப் பிறருக்குப் படமெடுத்து அனுப்பிக் கருத்துக் கேட்கிறவர்களும், ஆண்டெண் திருத்தம், அடைத்த துளை, கழற்றிய கொக்கி முதலியவை அடிக்கடி எதிர்ப்படும் வெள்ளி ரூபாய்களில் ஈடுபட்டவர்களும் இதைத் தயங்காமல் வாங்கலாம். நூறு ரூபாய்க் கைவிளக்கு ஒன்றையும் கூடவே வாங்கிக்கொள்ள வேண்டும். இதைத் தயாரிப்பவர்கள் வளைய விளக்குகளின் ஒரு பாதியை மட்டும் அணைக்க ஒரு விசை வைத்துவிட்டால், அந்தக் கைவிளக்கும் பல நேரங்களில் தேவைப்படாது.